தாத்தாவின் ஸ்டூடியோ நெகட்டிவ்களை ஆன்லைனில் போட வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

தேவகோட்டைப் பேத்தி

எல்லோருக்கும் வணக்கம். தேவகோட்டையில் எங்கள் தாத்தா 1930களின் கடைசியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ ஆரம்பித்தார். அப்பா காலத்தில் கலர் லேப் வந்து வியாபாரம் படுத்து, கடையை மூடியாயிற்று. அங்கிருந்து வந்த மரப்பெட்டிகள் எல்லாம் இப்போது வீட்டு மாடியில்தான் கிடக்கின்றன. பாதிக்கு மேல் கண்ணாடி நெகட்டிவ், ஃபுல் பிளேட், ஹாஃப் பிளேட் என்ற இரண்டு அளவில். மீதி தனித்தனித் தாளாக வரும் ஷீட் ஃபிலிமும், 120 என்ற ரோல் ஃபிலிமை வெட்டிக் கவரில் போட்டு வைத்தவையும். எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குக் குறையாது. கூடவே தாத்தா கையெழுத்தில் பழைய பேரேடுகள் சில.

வீட்டை விற்கிற பேச்சு வந்துவிட்டதால் இதற்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும். ஃபிரேம் கடைக்காரர் ஒருவர், கண்ணாடியைச் சுரண்டிச் சுத்தமாகக் கொடுத்தால் விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்! அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

என் எண்ணம், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இன்ஸ்டாகிராமில் தாத்தா ஸ்டூடியோ பெயரில் ஒரு பக்கம் ஆரம்பித்துத் தினம் ஒரு படம் போடுவது. சந்தேகங்கள் இவைதான். வீட்டு ஸ்கேனரில் கண்ணாடி நெகட்டிவ் சரியாக வரவில்லை, கறுப்பாகத்தான் விழுகிறது, என்ன செய்வது? வாட்டர்மார்க் போட வேண்டுமா? ஏஐ வைத்துக் கலர் ஆக்கிப் போட்டால் இன்னும் நிறையப் பேர் பார்ப்பார்களா? அப்புறம், நிறைய கண்ணாடிகளில் முகத்தின் மேல் மட்டும் சிவப்பாக ஏதோ சாயம் பட்டிருக்கிறது, பென்சில் கிறுக்கல் மாதிரியும் இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுமா?

---

டார்க்ரூம்வாசி

முதலில் கடைசிக் கேள்வி. துடைக்காதீர்கள். தயவுசெய்து துடைக்காதீர்கள். அது அழுக்கு இல்லை, உங்கள் தாத்தாவின் வேலை. இல்லையென்றால் அவரிடம் டச்சிங், அதாவது நெகட்டிவில் முகத்தைத் திருத்தும் வேலை பார்த்த ஆளின் கைவேலை.

அந்தக் காலத்தில் நெகட்டிவ் கழுவிக் காய்ந்ததும் டச்சிங் மேஜையில் சாய்த்து வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் மருந்துப் பக்கத்தில் (படம் பதிந்த பூச்சு உள்ள பக்கம்) புள்ளி புள்ளியாக வைப்பார்கள். முகத்தில் பரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே குழி, எல்லாம் நெகட்டிவில் வெளுத்துத் தெரியும் இடங்கள். அங்கே கரி ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துச் சமமாகிவிடும். சிவப்புச் சாயம் பெரிய பரப்புக்கு. பிரிண்ட் போடும் பேப்பர் நீல வெளிச்சத்துக்குத்தான் அசையும், சிவப்பு அதற்கு இருட்டு. அதனால்தானே டார்க் ரூமில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்தோம். முகத்தின் மேல் சிவப்பு பூசினால் அந்த இடத்தில் பேப்பருக்கு வெளிச்சம் குறையும், பிரிண்டில் முகம் வெளுத்து, அதாவது நம் ஊர்க் கணக்கில் "கலராக" வரும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பும் படத்தில் இது இல்லாமல் இருக்காது.

இதில் உங்களுக்கு ஒரு தொழில் சூட்சுமமும் இருக்கிறது. கேமராவில் கலராகப் படம் பிடித்துவிட்டு, கறுப்பு வெள்ளை ஆக்கும்போது நீலச் சேனலை, அதாவது நீல வெளிச்சம் பதிந்த அடுக்கை மட்டும் எடுத்துப் பாருங்கள். சிவப்புச் சாயம் அதில் அடர்த்தியாக விழும், அன்றைக்குப் பேப்பர் பார்த்த மாதிரியே படம் வரும். சிவப்புச் சேனலை எடுத்தால் சாயம் காணாமல் போய், சாயம் பூசுவதற்கு முன்னால் அந்த முகம் எப்படி இருந்ததோ அது தெரியும், பென்சில் மட்டும் அப்படியே நிற்கும். ஒரே கண்ணாடியில் இரண்டு படம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பதிவு உங்கள் பக்கத்துக்குக் கிடைக்காது.

ஸ்கேனர் விஷயம். சாதாரண ஸ்கேனர் பொருளின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் படிக்கிறது, நெகட்டிவுக்கு ஊடுருவி வரும் வெளிச்சம் வேண்டும். மூடியில் விளக்கு உள்ள ஸ்கேனர் என்றாலும் எல்லாமே உதவாது. எப்சன் வி600இல் அந்த விளக்குப் பட்டை 120 ஃபிலிம் அகலத்துக்குத்தான், ஹாஃப் பிளேட்டே அடங்காது. வி850 என்றால் 8க்கு 10 அங்குலம் வரை போகும், ஆனால் விலை அதிகம். ஆயிரம் நெகட்டிவுக்கு ஸ்கேனரை நம்பி உட்கார்ந்தால் பேத்திக்குப் பேத்தி வந்துதான் முடிப்பார்.

கேமராதான் வழி. படம் வரையும் பிள்ளைகள் வைத்திருக்கும் எல்இடி லைட் பேட் ஒன்று, மிகக் கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் போட்ட கேமரா, கீழ்நோக்கிப் பார்க்கும் ஸ்டாண்டு. கண்ணாடியை நேராகப் பேடின் மேல் வைக்காதீர்கள், பேடின் புள்ளிகள் படத்தில் விழும். நான்கு மூலையிலும் ஒரே உயரத்தில் கட்டை கொடுத்து இரண்டு மூன்று அங்குலம் தூக்கி வையுங்கள். நெகட்டிவைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் மறையுங்கள், அறை விளக்கை அணையுங்கள். ரா ஃபைலாக (கேமரா திருத்தாமல் வைக்கும் அசல் பதிவு) எடுங்கள். எடுத்ததும் அதிலிருந்து ஒரு டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் பட ஃபைல்) செய்து, அதைத் தொடாமல் வைத்துவிடுங்கள். விரிசல் மறைப்பது, கான்ட்ராஸ்ட் கூட்டுவது எல்லாம் அதன் நகலில்தான்.

கண்ணாடியை விளிம்பில் மட்டும் பிடியுங்கள், நைட்ரைல் கையுறை நல்லது. மருந்துப் பக்கம் எது என்று தெரியாவிட்டால் வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள், மங்கலாக இருப்பது மருந்து, பளபளப்பது வெறும் கண்ணாடி. தூசியைக் கையால் அமுக்கும் ஊதுகுழலால் ஊதினால் போதும். பெட்டியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்திருந்தால் அடியில் இருப்பது கனத்தில் உடையும். அமிலம் இல்லாத காகிதத்தில் தனித்தனியாக மடித்து, நீளவாக்கு விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். ஓரங்களில் நீலமாக வெள்ளி பூத்திருந்தால் பயப்பட வேண்டாம், அது வயசு.

ஷீட் ஃபிலிம் பக்கம் போகும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. ஓரத்தில் "சேஃப்டி" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால், அதுவும் 1950களின் தொடக்கத்துக்கு முந்தையது என்றால், நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். அது பற்றினால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. மாடியில், ஓட்டுக்கு அடியில், சித்திரை வெயிலில் அதை வைத்திருக்கக் கூடாது. தனியாகப் பிரித்து, காற்றோட்டமான குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். சேஃப்டி ஃபிலிமில் புளித்த வினிகர் வாடை அடித்தால் அது அழுக ஆரம்பித்துவிட்டது, அதைத்தான் முதலில் படம் பிடிக்க வேண்டும்.

---

ரீல்ஸ்ராஜா

அக்கா, இவ்வளவு யோசிச்சா வேலைக்கு ஆகாது. ஏஐ கலர் போட்டு, முகத்தை ஷார்ப் பண்ணி, பின்னால் பழைய பாட்டு வெச்சு ரீல்ஸ் விடுங்க. கறுப்பு வெள்ளையை யாரும் நின்று பார்க்க மாட்டாங்க. நான் எங்க ஊர்க் கோயில் பழைய படம் ஒன்றை அப்படிப் போட்டேன், சும்மா பிச்சுக்கிட்டுப் போச்சு.

---

கறார்பேர்வழி

பிச்சுக்கொண்டு போனது சரி தம்பி. அந்தக் கோபுரத்துக்கு ஏஐ என்ன கலர் அடித்தது, அந்த வருஷம் கோபுரத்தில் உண்மையில் என்ன கலர் இருந்தது என்று யாராவது கேட்டார்களா?

முகத்தை ஷார்ப் பண்ணுவது இன்னும் மோசம். மங்கலான முகத்தில் இல்லாத விவரத்தை அந்த மென்பொருள் தான் பார்த்த லட்சக்கணக்கான வேறு முகங்களிலிருந்து எடுத்து ஒட்டுகிறது. வெளியில் வருவது யாரோ ஒருவர், அந்த ஆச்சி இல்லை. பேத்தி பார்த்துவிட்டு "எங்க ஆயா மூக்கு இப்படி இருக்காதே" என்று சொன்னால், அதுதான் சரி, மென்பொருள்தான் தப்பு. புடவைக் கலரும் அப்படியே. கண்டாங்கிச் சேலையின் அரக்கையும் மஞ்சளையும் அது எங்கே கண்டது, வெளிறின நீலத்தை அடித்துவிட்டுப் போகும்.

தாத்தாவும் தானே டச்சிங் பண்ணினார், பிரிண்டுக்கு மேல் கையால் கலர் தீட்டிக் கொடுத்தார், இது மட்டும் என்ன பாவம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தாத்தா அந்த ஆளை எதிரில் உட்கார வைத்துப் பார்த்தார், சேலை என்ன கலர் என்று கேட்டுக் கவரில் குறித்துக்கொண்டார். பென்சில் எங்கே பட்டது என்பது இன்றைக்கும் கண்ணாடியில் தெரிகிறது, சாயத்தை மேலே டார்க்ரூம்வாசி சொன்னபடி பிரித்துக்கூடப் பார்க்கலாம். ஏஐ செய்ததைப் பிரிக்க வழியில்லை. கலர் படம்தான் போட வேண்டும் என்று ஆசையாக இருந்தால் போடுங்கள், ஆனால் படத்துக்குள்ளேயே "கற்பனை வண்ணம்" என்று எழுதுங்கள், பக்கத்திலேயே அசலையும் வையுங்கள். கீழே விளக்கத்தில் மட்டும் எழுதினால் பிரயோசனம் இல்லை. நாலு வாட்ஸாப் குழுவைத் தாண்டுவதற்குள் விளக்கம் உதிர்ந்துவிடும், படம் மட்டும் சுற்றும்.

---

விக்கிக்காரன்

வாட்டர்மார்க் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் உரிமை விவகாரத்தை நான் எழுதுகிறேன். வக்கீல் இல்லை, விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் படங்களின் உரிமத்தைச் சரிபார்த்துப் பழகியவன், அவ்வளவுதான்.

இந்தியாவில் 1957 பதிப்புரிமைச் சட்டம் 1958 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் எடுத்த படங்களுக்குப் பழைய 1911 சட்டம், நெகட்டிவ் உண்டான நாளிலிருந்து 50 ஆண்டு. ஆக 1958க்கு முந்தைய நெகட்டிவ் எல்லாம் இன்றைக்கு இந்தியாவில் பொதுவுடைமை. உங்கள் கண்ணாடிகளில் பெரும்பகுதி இதில் அடங்கும். அவற்றின் மேல் வாட்டர்மார்க் அடித்தால் சட்டப்படி அதற்கு ஒரு பலமும் கிடையாது, படம் கெட்டதுதான் மிச்சம். ஸ்டூடியோ பெயர் போய்ச் சேர வேண்டும் என்றால் படத்தின் வெளி விளிம்பில் ஒரு பட்டை விட்டு அதில் பெயரையும் நெகட்டிவ் எண்ணையும் போடுங்கள்.

1958க்குப் பிந்தையதுதான் சிக்கல். கண்ணாடியும் ஃபிலிமும் உங்கள் வீட்டுச் சொத்து, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் படத்தின் உரிமை வேறு. சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பாருங்கள். காசு கொடுத்து ஒருவர் கேட்டு எடுத்துக்கொண்ட போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் கேட்ட அந்த வாடிக்கையாளர்தான். ஸ்டூடியோக்காரர் இல்லை! தாத்தா கடைக்கு வந்து நின்று படம் எடுத்துக்கொண்ட குடும்பத்துக்குத்தான் அது. அதனால் அந்தப் படங்களுக்கு நீங்களாக ஒரு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (மற்றவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற பொது அனுமதி) கொடுக்க முடியாது, குடும்பத்திடம் கேட்க வேண்டும். தாத்தா தன் விருப்பத்துக்கு எடுத்த தேரோட்டம், ஊருணி, சந்தை மாதிரியான படங்கள் வேறு கணக்கு, அவை தாத்தாவுடையவை, வாரிசுகள் எல்லோரும் சம்மதித்தால் உரிமம் கொடுக்கலாம். அத்தை, சித்தப்பா யாராவது இருந்தால் இப்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

எங்கே போடுவது என்றால், காமன்ஸில் போட்டால் தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகளில் நேராகப் பயன்படும். ஆனால் அங்கே அமெரிக்கச் சட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். 1946க்கு முந்தைய படங்களில் பொதுவாகத் தகராறு வராது, 46க்கும் 57க்கும் நடுவில் உள்ளவற்றை ஆலமரத்தடியில் (விக்கியில் சந்தேகம் கேட்கும் பொதுப் பக்கம்) கேட்டுவிட்டு ஏற்றுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் டிஃப் ஃபைலையே ஏற்றலாம். இன்ஸ்டாகிராம் கடை வாசல் மாதிரி, பார்த்து உள்ளே வருவதற்கு நல்லது, சரக்கை அங்கே அடுக்கி வைக்க முடியாது. அசல் அளவை அது வைத்துக்கொள்வதும் இல்லை, தேதி, ஊர் வாரியாகத் தேடவும் முடியாது.

---

ஆவணக்காரி

உரிமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. போடலாமா என்பது வேறு கேள்வி, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

உங்கள் பெட்டியில் நிச்சயம் சடங்குப் படங்கள் இருக்கும். பெண் வயசுக்கு வந்ததும் பூத்தைத்து, கண்ணாடிக்கு முன்னால் சாய்ந்து நிற்க வைத்து, முகமும் தெரிய வேண்டும், பின்னலில் தைத்த பூவும் தெரிய வேண்டும் என்று எடுப்பார்களே, அந்தப் படம். கலையாகப் பார்த்தால் அருமையான படங்கள், ஒளியமைப்பு எளிதே இல்லை, கேமரா கண்ணாடியில் விழாமல் கோணம் பிடிக்க வேண்டும். ஆனால் 1965இல் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அப்படி நின்ற பெண்ணுக்கு இன்றைக்கு எழுபதைத் தாண்டி வயது. அவர் உயிரோடு இருக்கிறார். அன்றைக்கு அவரை யாரும் கேட்கவில்லை, இன்றைக்காவது கேட்க வேண்டாமா? முன்பின் தெரியாத ஆயிரம் பேர் அதன் கீழே என்ன எழுதுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம், இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டுக் குடும்பத்தோடு எடுத்த படங்கள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அந்த மனிதருடைய ஒரே படமே அதுதான். ஆய்வாளர்களுக்கு அது பொக்கிஷம் என்பதற்காக ரீல்ஸில் விடுகிற பொருள் ஆகிவிடாது.

ஆக மூன்று குவியலாகப் பிரியுங்கள் என்பேன். ஊர், கட்டடம், விழா, தாத்தாவின் சொந்தப் படங்கள் உடனே போடலாம். பழைய கண்ணாடிகளில் உள்ள குடும்பப் படங்களைப் போட்டு, "யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள், எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறோம்" என்று எழுதி, சொன்னால் எடுத்துவிடுங்கள், வாதம் பண்ண வேண்டாம். மேலே சொன்ன இரண்டு வகையும் படம் பிடித்து, விவரம் எழுதி, மூடி வையுங்கள். கேட்டு வருபவருக்குக் காட்டலாம்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் பேரேடுகள். நெகட்டிவ் இல்லாமல் பேரேடு இருந்தால் அது கணக்குப் புத்தகம், பேரேடு இல்லாமல் நெகட்டிவ் இருந்தால் அது பெயர் தெரியாத முகம். பக்கம் பக்கமாக இந்த வாரமே போனிலாவது எடுத்துவிடுங்கள், அதற்கு லைட் பேடெல்லாம் தேவையில்லை. கரையான் கண்ணாடியைத் தின்னாது, பேரேட்டைத்தான் தின்னும்.

தேதி தமிழ் வருஷத்தில் எழுதியிருந்தால் திகைக்க வேண்டாம். சித்திரபானு என்றால் 1942 சித்திரையிலிருந்து 43 பங்குனி வரை, சுபானு அடுத்தது, தாரண அதற்கடுத்தது. அறுபது வருஷச் சுற்று என்பதால் கண்ணாடி நெகட்டிவில் குழப்பம் வராது. சித்திரபானுப் பக்கங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்து அங்கிருந்த நம் ஆட்கள் நடந்தும் கப்பலிலும் திரும்பிய வருஷத்தை ஒட்டியது அது. உங்கள் பக்கத்தில் அதன் சுவடு இல்லாமல் இருக்காது. ஆள் பெயருக்குப் பதில் வீட்டு விலாசம் மட்டும் (முகவரி இல்லை, குடும்பத்தைக் குறிக்கும் முதலெழுத்துகள்), வெறும் எழுத்துகளாக எழுதியிருந்தால் அதை அப்படியே தட்டச்சு செய்யுங்கள், விரித்து எழுத முயல வேண்டாம். அந்தக் குடும்பத்துக்காரர் பார்த்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

ஃபைல் பெயரில் நெகட்டிவ் எண்ணைக் கட்டாயம் வையுங்கள். விவரத்தைப் படத்துக்குள்ளும் எழுதலாம், ஆனால் வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது போய்விடும், அதனால் தனியாக ஒரு எக்செல் பட்டியலும் வேண்டும்.

இன்னொன்று, ஒற்றையாகத் தூக்கிச் சுமக்க வேண்டாம். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டே வாழ்நாள் முழுவதும் புத்தகமும் நோட்டீசும் சேர்த்தவர் ரோஜா முத்தையா. அவர் 1992இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே 1994இல் நூலகமாக நிறுத்தியது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களையே தேடிப் போய் டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது, பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தில். அந்தத் திட்டத்தின் விதிப்படி அசல் நாட்டை விட்டுப் போகக் கூடாது, நகல்தான் போகும். இரண்டு இடத்துக்கும் ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். நீங்கள் மாதக்கணக்கில் திண்டாடப் போவதை அவர்கள் ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள்.

---

கரவெட்டியான்

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். ஆவணக்காரி அக்கா சொன்ன அந்தக் கடைசி விஷயத்தோடு ஒன்றைச் சேர்க்க வேணும். எந்த இடத்தில் குடுத்தாலும் ஒரே இடத்தில் மட்டும் குடுக்காதேங்கோ.

எங்கட சனத்துக்கு இது தழும்பு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்டபோது வீடுகளில் விட்டுவிட்டு வந்த கலியாண அல்பங்களுக்குக் கணக்கே இல்லை. ஸ்ரூடியோக்களின் நெகட்டிவும் அப்படியே போனது. பிறகு என்ன நடந்தது எண்டால், லண்டனுக்கும் கனடாவுக்கும் முன்னமே கடிதத்தோடு அனுப்பிவைத்த படங்கள்தான் மிஞ்சினது. 2005இல் தொடங்கின "நூலகம்" எண்ட இணையத்தளத்தில் இண்டைக்குப் புத்தகம், பத்திரிகை, சிறப்பு மலர் எல்லாம் ஆரும் எங்கேயிருந்தும் வாசிக்கலாம். அதுக்குள்ளே கனக்க, இப்படி வெளிநாட்டு வீட்டு அலுமாரிகளில் இருந்து வந்தவை.

இணையம் எண்டால் பாதுகாப்பு எண்டும் நினைக்க வேண்டாம். 2023 ஒக்ரோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை ஹக் பண்ணினபோது அதன் தளங்கள் மாதக்கணக்கில் திறபடவில்லை. அடுத்த வருசம் அதே ஒக்ரோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் அடிபட்டுக் கொஞ்ச நாள் படுத்தது. ஓர்குட் எண்ட பழைய சமூகத் தளத்தில் போட்ட படங்கள் இப்ப எங்கே? ஆகவே வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், வேறு ஊரில் உறவுக்காரர் வீட்டில் ஒண்டு, இணையத்தில் ஒண்டு. அந்த டிஸ்க்குகளையும் வருசத்துக்கு ஒருக்கால் செருகித் திறந்து பாருங்கோ.

உங்களுக்கு இன்னொரு யோசனை. தேவகோட்டைச் செட்டியார்மார் கொழும்புச் செட்டியார் தெருவில், பினாங்கில், ரங்கூனில் எல்லாம் தொழில் செய்தவை. உங்கட தாத்தா அடிச்ச பிரிண்டுகள் அங்கேதான் போயிருக்கும். பிரிண்டின் பின்பக்கம் ஸ்ரூடியோ முத்திரையும், ஆருக்கு அனுப்பினது எண்ட எழுத்தும் இருக்கும், நெகட்டிவில் அது இராது. பக்கம் தொடங்கினால் "எங்கட ஸ்ரூடியோ முத்திரை இருக்கிற படம் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ" எண்டு முதல் பதிவிலேயே கேளுங்கோ. படம் காட்டுறதைவிட அதுதான் உங்களுக்கு உண்மையான லாபம்.

---

ரீல்ஸ்ராஜா

சரி, கலர் வேண்டாம். ஆனா ஒன்று சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எல்லாத்தையும் பட்டியல் போட்டு, டிஃப் ஆக்கி, பேரேடு தட்டச்சு பண்ணி முடிச்சுட்டுத்தான் வெளியில் காட்டணும்னா பத்து வருஷம் ஆகும். அதுக்குள்ள அந்தப் படத்துல இருக்கிறவங்களை அடையாளம் சொல்ற பெரியவங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அந்தச் சிவப்புச் சாய மேட்டரை முப்பது செகண்ட் வீடியோவா போடுங்க. லைட் மேல கண்ணாடி, அப்புறம் முகம் மாறுது. ஏஐ எதுவும் வேண்டாம், அதுவே போதும்.

---

ஆவணக்காரி

இதில் தம்பி சொல்வதுதான் சரி. முழுசாக முடித்துவிட்டுக் காட்டலாம் என்று வைத்த சேகரிப்புகள் பல வீட்டில் அப்படியே முடங்கியிருக்கின்றன. வயசானவர்களை முதலில் பிடியுங்கள். அவர்களில் பலர் இன்ஸ்டாகிராமில் இல்லை, அதனால் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, கோயில் திருவிழா சமயத்தில் ஊரில் ஒரு கல்யாண மண்டபத் திண்ணையிலோ பள்ளிக்கூடத்திலோ இரண்டு நாள் மாட்டி வையுங்கள். படத்துக்குக் கீழே நிறைய வெற்றிடம் விட்டு, ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். எழுதிவிட்டுப் போவார்கள். இரண்டு பேர் இரண்டு பெயர் எழுதினால் இரண்டையும் பட்டியலில் ஏற்றுங்கள், யார் சொன்னது என்றும் சேர்த்து.

---

தேவகோட்டைப் பேத்தி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஃபிரேம் கடைக்காரரை அப்பா வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார், டார்க்ரூம்வாசி ஐயாவின் பதிலை அவருக்குப் படித்துக் காட்டினேன். டச்சிங் பார்த்தது தாத்தா இல்லையாம், அப்பத்தாவாம்! மத்தியானச் சமையல் முடிந்ததும் ஜன்னலோரம் மேஜை போட்டு உட்கார்ந்துவிடுவாராம். பேரேட்டில் எங்கேயும் அவர் பெயர் இல்லை. பக்கம் ஆரம்பிக்கும்போது இரண்டு பேர் பெயரும் இருக்கும்.

ஃபிலிமைப் பிரித்துப் பார்த்தேன். "சேஃப்டி" என்று போடாதது ஒரு கட்டு இருக்கிறது, மாடியிலிருந்து இறக்கிக் கீழே பின்கட்டில் நிழலில் தனியாக வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்.

பேரேடு படம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். கரவெட்டியான் அண்ணா சொன்ன மாதிரியே கொழும்பு, பினாங்கு என்று ஓரத்தில் குறிப்பு இருக்கிறது, எத்தனை காப்பி என்பதோடு.

---

டார்க்ரூம்வாசி

அப்பத்தாவா? பென்சில் வேலையை ஒரு லென்ஸ் வைத்து நெருக்கத்தில் படம் எடுத்துப் போடுங்கள், எல்லாக் கண்ணாடியிலும் ஒரே கை தானா என்று பார்த்துவிடலாம். புள்ளி வைப்பவர், சின்னக் கோடாக இழுப்பவர், சுழிப்பவர் என்று ஆளுக்கு ஒரு பழக்கம் உண்டு.

நைட்ரேட் என்று சந்தேகப்படும் கட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூட வேண்டாம், பிளாஸ்டிக் பையும் வேண்டாம். காகித உறையில், மற்றவற்றோடு சேராமல், அடுப்பு, பூஜை விளக்கு, சுவிட்ச் போர்டு எதுவும் கிட்டே இல்லாமல் இருக்கட்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்காதீர்கள். பார்சலில் யாருக்கும் அனுப்பவும் கூடாது. எரித்துப் பார்த்துச் சோதிக்கலாம் என்று யூடியூபில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரியும் நிலையில் இருப்பவற்றை மட்டும் ஒவ்வொன்றாக லைட் பேடில் எடுத்து முடித்துவிட்டு, சென்னை நூலகத்துக்கோ புதுச்சேரிக்கோ எழுதும் கடிதத்தில் இதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

---

வாசகி

இவ்வளவு நாளாகப் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தவள், இதைப் பார்த்ததும் எழுதுகிறேன். எங்கள் பெரியம்மா கல்யாணம் தேவகோட்டையில்தான், சோபகிருது வருஷம் தையில், 1964. ஊரில் இரண்டு மூன்று ஸ்டூடியோ இருந்திருக்கும், உங்கள் தாத்தாவுடையதுதானா தெரியவில்லை. எங்களிடம் இருந்த ஒரே படம் வெள்ளத்தில் போய்விட்டது. பேரேட்டில் அந்த மாதம் வந்தால் பார்த்துச் சொல்ல முடியுமா?

---

தேவகோட்டைப் பேத்தி

அக்கா, 1962 வரைதான் வந்திருக்கிறேன். அடுத்த பேரேட்டில் அந்தத் தை மாதம் இருக்கும். அதில் பெயர் இருக்காது, விலாசம்தான் இருக்கும். உங்கள் பெரியப்பா வீட்டு விலாசத்தையும், பெண் வீட்டு விலாசத்தையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இங்கே பொதுவில் போட வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அடித்த தேதி தெரிந்தால் அதையும்.